தட்டைத் திருப்பிப் பார்த்த ஆறு நாட்கள்

நாள் 1, செவ்வாய். பாரிஸ்

செவ்வாயோ வெறுவாயோ என்பாள் என் பாட்டி. நல்ல காரியம் எதையும் அன்று தொடங்க விடமாட்டாள். அறுபத்து மூன்று வயதில் பிரான்சுக்கு வந்து, செவ்ர் பீங்கான் அருங்காட்சியகத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றபோது அவள் ஞாபகம் வந்தது. இந்த நாட்டில் பல அருங்காட்சியகங்களுக்குச் செவ்வாய் விடுமுறை. மகள் நேற்றே போனில் பார்க்கச் சொன்னாள். நான்தான் பார்க்கவில்லை.

“அதான் பாலத்துல நடந்து வந்தாச்சே, ஆத்தைப் பாத்துட்டுப் போலாம்” என்றாள் வீட்டம்மா. ஒன்பதாம் நம்பர் மெட்ரோவின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, சேன் நதியைக் குறுக்கே நடந்து கடந்தால் அருங்காட்சியகம். ஆற்றங்கரையிலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தைப் பிரித்தோம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் படித்தேன். முப்பத்தோரு வருஷம் சூளைப் பக்கம் வேலை. மின்கம்பத்து இன்சுலேட்டர், பிறகு வாஷ்பேசின், கடைசியில் தரையோடு. தின்னும் தட்டு ஒன்றுகூடச் செய்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் தட்டு மேல் ஆசை வந்தது. அதிலும் பிரெஞ்சுக்காரர்களின் பழைய ஃபயான்ஸ் மேல். பீங்கான் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுவோம், ஆனால் அது பீங்கான் இல்லை. சாதாரணக் களிமண் தட்டு, மேலே வெள்ளைக் கிளேஸ், அதாவது சூட்டில் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சு. இத்தாலியில் ஃபாயென்சா என்று ஓர் ஊர், அந்தப் பேரிலிருந்து வந்த சொல்.

பூட்டியிருந்த இந்த இடத்தின் கதையையாவது சொல்கிறேன். அலெக்சாந்தர் ப்ரோன்யார் என்ற மனிதர் 1800 முதல் 1847ல் சாகும்வரை செவ்ர் தொழிற்சாலையை நடத்தினார். அடிப்படையில் மண்ணியல் அறிஞர். 1824ல் தொழிற்சாலையோடு சேர்த்து இந்த அருங்காட்சியகத்தைத் திறந்தார். அழகான பொருளை மட்டும் பொறுக்கி வைக்கும் எண்ணம் அவருக்கில்லை. எந்த மண், எந்தக் கிளேஸ், எப்படிச் சுட்டது என்று வகை பிரித்து அடுக்கினார். உடைந்தது, கோணியது எல்லாம் அவருக்குப் பாடம். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் ஃபயான்ஸை அடுப்படிச் சாமானாக நினைத்து ஒதுக்கியபோது, அதற்கு அலமாரியில் இடம் கொடுத்தவர் ஒரு தொழில்நுட்பக்காரர். எங்கள் ஜாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் திரும்ப வரவேண்டும். நாளை ரூவான், ஃபயான்ஸுக்குப் பேர்போன ஊர்.

நாள் 2, புதன். ரூவான்

சேன் லசார் நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ரயில் கொண்டுவந்து விட்டது. நிலையத்திலிருந்து இறக்கத்தில் நடந்தால் அருங்காட்சியகம். பழைய பிரபு ஒருவரின் மாளிகை. மதியம் 2 மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதை இந்த முறை பார்த்துவிட்டே கிளம்பினோம். (மகளிடம் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன்.)

உள்ளே போனதும் வீட்டம்மா சொன்ன முதல் வார்த்தை: “தேர்ச்சீலை.”

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. தட்டின் விளிம்பைக் காட்டினாள். வெள்ளைத் தட்டில் நீலத்தில், விளிம்பைச் சுற்றி உள்நோக்கி, வளைவு வளைவாகத் தொங்கும் அலங்காரம். ஒரு வளைவு பெரிது, அடுத்தது சிறிது, நுனியில் குஞ்சம். தேரில் கட்டும் தொம்பையும் சீலையும் அப்படியே. இதற்குப் பிரெஞ்சில் லாம்ப்ரெகேன் என்று பேர். அர்த்தம் பார்த்தால் கட்டிலுக்கும் சாளரத்துக்கும் மேலே தொங்கவிடும் துணித் தோரணம்! நான் புத்தகம் புத்தகமாகப் படித்துத் தெரிந்துகொண்டதை அவள் வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

ரூவானுக்கு இந்தத் தொழில் இரண்டு தடவை வந்தது. முதல் தடவை 1540களில், மசேயோ அபாகேன் என்பவரோடு. எக்குவான் கோட்டைக்குத் தரையோடு செய்து கொடுத்தவர் அவர். மருந்துக்கடைக்காரர் ஒருவருக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஜாடிகள் செய்ய 1545ல் ஒப்பந்தம் போட்டிருக்கிறார். பிறகு அது அணைந்துபோயிற்று. நூறு வருஷம் கழித்து, 1644ல், நிக்கோலா புவாரெல் என்ற அரண்மனை ஊழியர் ஐம்பது வருஷத்துக்கு ஏகபோக உரிமை வாங்கினார். அவருக்கு மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. வேலை தெரிந்தவர் எத்ம் போத்தரா. உரிமை அவர் கைக்கு மாறியது. ஆற்றுக்கு அந்தப்பக்கம் சேன் செவேர் பகுதியில் சூளைகள் எழும்பின.

தட்டு மேசைக்கு ஏறியதற்குக் காரணம் போர். பதினான்காம் லூயிக்குச் சண்டை போடப் பணம் இல்லை. 1689ல் ஒரு முறை, 1709ல் இன்னொரு முறை, வெள்ளிச் சாமானை எல்லாம் நாணயச் சாலைக்குக் கொடுங்கள், உருக்கிக் காசடிக்கலாம் என்றார். ராஜாவே தன் தங்கத் தட்டுகளை அனுப்பினார். பெரிய குடும்பங்கள் எல்லாம் எட்டே நாளில் ஃபயான்ஸுக்கு மாறிவிட்டன என்று அரண்மனையில் இருந்த சேன் சிமோன் பிரபு தன் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த சேதி. அந்தப் பிரபு கடைசிவரை இழுத்தடித்து, கொஞ்சம் வெள்ளியை அனுப்பிவிட்டு மிச்சத்தைப் பூட்டி வைத்துக்கொண்டார். அதையும் அவரே எழுதுகிறார்!

வெள்ளி போனால் அந்த இடத்தில் என்ன வைப்பது? வெள்ளித் தட்டின் வடிவத்திலேயே, குடும்பச் சின்னம் போட்ட மண் தட்டு. ரூவானுக்கு அடித்தது யோகம்.

இனி கொஞ்சம் தொழில் பேச்சு. வேண்டாதவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்.

களிமண் தட்டை முதலில் ஆயிரம் டிகிரியை ஒட்டி ஒரு சூடு. இது பிஸ்கட். பிறகு கிளேஸ் கரைசலில் ஒரு முக்கு. கிளேஸில் காரீயம் இருந்தால் கண்ணாடி மாதிரி தெளிவாக உருகும், கீழே மண்ணின் சிவப்பு தெரியும். அதில் வெள்ளீயத்தைக் கலந்தால் பால் மாதிரி வெளுத்து, மண்ணை மூடிவிடும். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் கொண்டுவரும் அதே வெள்ளீயம்தான். அதுதான் விலை கூடிய சரக்கு. பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவேண்டும். இந்த வெள்ளீயத்தை மறந்துவிடாதீர்கள், நாளை தேவைப்படும்.

முக்கி எடுத்த தட்டின் மேல் மாவு பூத்தது போல ஈரம் உலர்ந்து நிற்கும். சுடுவதற்கு முன்பே அதன்மேல் ஓவியம். தூரிகை பட்டதும் உறிஞ்சிக்கொள்ளும், அழிக்க முடியாது. ஈரச் சுண்ணாம்புச் சுவரில் கையை வைத்துவிட்டு எடுக்க முடியாததைப்போல. அதனால் முதலில் ஊசியால் துளை போட்ட காகிதத்தைத் தட்டின் மேல் வைத்துக் கரிப்பொடி முடிச்சால் தட்டுவார்கள். புள்ளி புள்ளியாகக் கோடு விழும். நம் தெருவில் விற்கும் கோல அச்சுத் தகடு இதே வேலைதான். கரிப்புள்ளி சூளையில் எரிந்து காணாமல் போய்விடும், வரைந்த நீலம் நின்றுவிடும். அந்தச் சூட்டைத் தாங்கும் நிறங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். கோபால்ட் நீலம், மாங்கனீசு ஊதா, தாமிரப் பச்சை, ஆன்டிமனி மஞ்சள், இரும்புச் சிவப்பு. இதில் சிவப்புதான் சண்டிமாடு. கொஞ்சம் பிசகினால் பழுப்பாகிவிடும். ரூவான்காரர்கள் அதை மடக்கினார்கள். பெருமையோடு தடிப்பாகப் போட்டிருக்கிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சிவப்பு மட்டும் மேடு தட்டியிருப்பது தெரிகிறது.

நடுவிலிருந்து கதிர் கதிராக விரியும் தட்டுகள் ஓர் அறை முழுக்க. வீட்டம்மா அதைப் படிக்கோலம் என்றாள், நான் மறுக்கவில்லை. 1750ஐ ஒட்டி மோஸ்தர் மாறுகிறது. கொம்பு ஒன்றிலிருந்து கார்னேஷன் பூக்கள் வழிய, சுற்றிலும் பட்டாம்பூச்சி, பூச்சி, ஒரு பறவை. இந்தக் கொம்புத் தட்டைத்தான் பின்னால் சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். அதனாலேயே மிக அதிகமாகப் போலியும் செய்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, கல்யாண மண்டப வாசல் மாதிரி இருக்கிறது.

இந்த அருங்காட்சியகத்தின் நட்சத்திரங்கள் தட்டே இல்லை. இரண்டு பெரிய உருண்டைகள். ஒன்று பூகோளம், ஒன்று வான்கோளம். பியேர் ஷாப்பெல் 1725ல் தீட்டியவை. சூளையில் இவ்வளவு பெரிய உருண்டை வெடிக்காமல், ஒரு பக்கம் இறங்காமல் வெளியே வந்தது எப்படி என்று அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். காவலாளிக்கு என் மேல் சந்தேகம் வந்திருக்கும். இதே ஊரில் நிக்கோலா ஃபூக்கேயின் பட்டறையில் செய்த நான்கு பருவங்களின் மார்பளவு சிலைகள் ஸ்காட்லாந்துக்குப் போய், 1882ல் ஹாமில்டன் அரண்மனை ஏலத்தில் லூவ்ருக்குத் திரும்பின. அவற்றோடு சேர்ந்த அப்பல்லோ மட்டும் லண்டனுக்குப் போனது. ஐந்து பேரில் நாலு பேர் ஊருக்கு வந்தார்கள், அந்தக் கதை போகட்டும்.

நான் தேடியது வேறு. கத்தித் தடம். வெள்ளீயக் கிளேஸ் மென்மை. மேசைக் கத்தியால் இறைச்சியை நறுக்கினால் கீறல் விழத்தான் வேண்டும். சாப்பிட்ட தட்டு என்றால் நடுவில் வலை பின்னியது போல் கோடுகள் இருக்கும். நான் கண்ணாடிக்கு வெளியே குனிந்து, உட்கார்ந்து, எல்லா மாதிரியும் பார்த்தேன். பெரிய தட்டுகளில் ஒன்றுமே இல்லை. பளபளவென்று இருக்கின்றன. செய்த நாளிலிருந்தே சுவரிலும் அலமாரியிலும் நின்றவை. இவற்றில் எவனாவது சாப்பிட்டானா?

“நம்ம வீட்டுல பரண் மேல இருக்கற டின்னர் செட்டு மட்டும் என்னவாம்” என்றாள்.

நாள் 3, வியாழன். ரூவான், மழை

காலையிலிருந்து விடாத தூறல். தமியேத் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கடைக்குள் மழைக்கு ஒதுங்கினோம். கடைக்காரருக்கு என் வயதிருக்கும். மகள் கூட இல்லாததால் மொழிபெயர்ப்புக்குப் போன்தான். நான் சூளைக்காரன் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. நாற்காலி போட்டார்.

ஒரு கொம்புத் தட்டை எடுத்துக் கவிழ்த்து என் கையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. பரீட்சை என்று புரிந்தது.

முதுகின் விளிம்பில் மூன்று இடத்தில் சின்னச் சின்ன வடு. அந்தக் காலத்தில் தட்டுகளை நெருப்பு நேரே படாமல் மண் கூட்டுக்குள் வைத்துச் சுடுவார்கள். சாகர் என்போம் நாங்கள். கூட்டின் சுவரில் முக்கோண மண் ஆணிகளைச் செருகி, தட்டு அவற்றின் மேல் விளிம்பால் உட்காரும். சுட்ட பிறகு ஆணியை உடைத்து எடுத்தால் மூன்று வடு மிஞ்சும். வடு சரி. எடை தூக்கிப் பார்த்தேன், கனம் சரி. காலடி வளையத்தில் கிளேஸ் தேய்ந்து, மண் வெளியே தெரிந்தது. விரலால் தொட்டேன். தேய்மானம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு. ஒரு தட்டை இருநூறு வருஷம் மரப்பலகையில் இழுத்தால் இப்படித் தேயாது. ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறையத்தான் தேயும். உப்புத்தாள் வேலை.

தலையை ஆட்டினேன். அவர் சத்தமாகச் சிரித்தார். தானே ஏமாந்து வாங்கியதாம், அதனால் விற்காமல் வைத்திருக்கிறார்.

போலியைப் பற்றிப் பேசினால் பாரிஸின் சம்சோன் பேர் வராமல் இருக்காது. 1845ல் தொடங்கிய பட்டறை. செட்டில் உடைந்துபோன ஒன்றுக்குப் பதில் செய்து கொடுப்பதாக ஆரம்பித்து, மெய்சன், செவ்ர், சீனம், ரூவான் என்று உலகத்தில் இருந்த எல்லாவற்றையும் நகல் எடுத்தார்கள். இப்போது சம்சோன் நகலையே சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கிளம்பும்போது அவர் அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு நீள்வட்டக் கிண்ணத்தை எடுத்துக் காட்டினார். உள்ளே வெள்ளை, வெளியே கரும்பழுப்பு. இந்த வகைக்குப் பிரெஞ்சில் உள்ள பேரை அப்படியே எழுதினால் நன்றாக இருக்காது. ‘கறுத்த பிட்டம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று மறக்கவேண்டாம் என்றேனே, அந்த வெள்ளீயத்தின் விலைதான் இதற்குக் காரணம். வெளிப்பக்கத்துக்கு மாங்கனீசு கலந்த மலிவான பழுப்புக் கிளேஸ், சோறு படும் உள்பக்கத்துக்கு மட்டும் வெள்ளை. நெருப்பையும் தாங்கும். அடுப்படியில் உழைத்த சாமான். உள்ளே கையை விட்டேன். கீறல், கீறல், கீறல். விலை கேட்டேன், நாங்கள் சாப்பிட்ட மதிய உணவைவிடக் கொஞ்சம் அதிகம். வாங்கவில்லை, விளிம்பு முழுக்க வெடிப்பு.

(இரவு சேர்த்தது: வாங்கியிருக்கலாம்.)

நாள் 4, வெள்ளி. நெவேர்

விடியற்காலையில் பாரிஸ் திரும்பி, பெர்சி நிலையத்தில் வண்டி மாறி, மதியத்துக்குள் நெவேர். லுவார் ஆற்றங்கரை ஊர். அகலமான, சோம்பேறியான ஆறு, நடுவில் மணல் திட்டு. திருச்சிக்காரியான வீட்டம்மாவுக்கு ஊர் உடனே பிடித்துவிட்டது.

இங்கே இந்தத் தொழிலைக் கொண்டுவந்தது ஒரு கல்யாணம். இத்தாலியின் மாந்துவா அரச குடும்பத்து லூயி கொன்சாகா 1565ல் இந்த ஊர் வாரிசுப் பெண்ணைக் கட்டி, நெவேரின் பிரபு ஆனார். பின்னாலேயே இத்தாலியக் கைவினைக்காரர்கள் வந்தார்கள். அல்பிசோலாவிலிருந்து வந்த கொராதோ சகோதரர்கள் இங்கே கொன்ராட் ஆகி, 1603ல் நான்காம் ஹென்றியிடம் முப்பது வருஷ ஏகபோகம் வாங்கினார்கள். மண் இங்கே, விறகு இங்கே, சரக்கை ஏற்ற ஆறு இங்கே. வேறென்ன வேண்டும்.

பழைய கன்னிமாடத்தில் இருக்கிறது அருங்காட்சியகம். முதல் அறைகளில் இத்தாலிய வாடை. புராணக் காட்சி, கடல் தேவதைகள். பிறகு ஆழ்ந்த நீலம். கிளேஸே நீலம், அதன்மேல் வெள்ளையில் பூவும் பறவையும் தெறித்திருக்கிறது. பாரசீக நீலம் என்று பழைய சேகரிப்பாளர்கள் பேர் வைத்தார்கள். ஆனால் பாரசீகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சிவப்பு மட்டும் எங்கேயும் கிடையாது. ரூவான் மடக்கிய சண்டிமாடு நெவேருக்கு மடங்கவில்லை. சிவப்பு வரவேண்டிய இடத்தில் எல்லாம் மஞ்சளும் ஆரஞ்சும். இதைக் கவனித்துவிட்டால் ஊர் அடையாளம் பாதி தெரிந்துவிடும்.

பதினெட்டாம் நூற்றாண்டு அறைக்கு வந்ததும் எனக்குக் கால் நகரவில்லை.

தட்டில் ஒரு புனிதர் நிற்கிறார். கோணல் மாணல் கை, குழந்தை வரைந்த முகம். அவர் காலடியில் ஓர் ஆளின் பேர், கீழே வருஷம். அடுத்த தட்டில் வேறு புனிதர், வேறு பேர், வேறு வருஷம். யார் பேரை வைத்துக்கொண்டார்களோ அந்தப் புனிதரையே வரைந்து, சொந்தப் பேரையும் எழுதி வாங்குவது வழக்கம். கல்யாணத்துக்கு, குழந்தை பிறந்ததற்கு. புருஷன் பெஞ்சாதி இரண்டு பேரின் புனிதர்களும் ஒரே தட்டில் தோளோடு தோள் நிற்பதும் உண்டு. படகோட்டிகள், கொல்லர்கள், திராட்சைத் தோட்டக்காரர்கள். பிரபு ஒருவர்கூட இல்லை.

“பாத்திரத்துல பேர் வெட்டறது” என்றாள் வீட்டம்மா, கண்ணாடியில் மூக்கு இடிக்க.

அதேதான். பாத்திரக்கடை வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, டிர்ர்ர் என்று அந்தச் சின்ன மெஷினால் எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டுவாரே, அவர். எங்கள் கல்யாணத்துக்கு வந்த பாத்திரத்தில் என் மாமனார் பேர், தேதி, ‘அன்பளிப்பு’ மூன்றும் இருக்கும். அன்பளிப்பில் ‘ப்’ விட்டுப்போயிருக்கும். இங்கேயும் எழுத்துப்பிழைக்குப் பஞ்சமில்லை, காதுக்குக் கேட்டபடி எழுதியிருக்கிறார்கள். பேர் கொஞ்சம் நீளம் என்றால் கடைசி எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு விளிம்பேறிவிடுகின்றன. தூரிகை பிடித்தவன் இடத்தை அளக்காமல் ஆரம்பித்துவிட்டு, அழிக்கவும் முடியாமல் திண்டாடியது அப்படியே தெரிகிறது.

அதே தூரிகைகள்தான் 1789க்குப் பிறகு புனிதரை விட்டுவிட்டுப் புரட்சியை வரைந்தன. பட்டாக்கத்தி, ஆயரின் செங்கோல், மண்வெட்டி: பிரபு, பாதிரி, குடியானவன் மூவரும் ஒன்று என்று காட்ட மூன்றையும் சேர்த்துக் கட்டி ஒரு தட்டு. கூண்டிலிருந்து வெளியே வந்த பறவை. ‘தேசம் வாழ்க’ என்று எழுத்து. முதலில் மேலே கிரீடம் இருக்கிறது. சில வருஷத்தில் கிரீடத்தைக் காணோம். அதற்குச் சற்று முன்னால், 1783ல் பலூன் பறந்தபோது பலூன் தட்டு. செய்தித்தாள் வாங்காத வீட்டுக்கும் சேதி தட்டில் போய்ச் சேர்ந்தது.

இவ்வளவு உற்சாகமாக வரைந்தவர்களின் பிழைப்பு அப்போதே ஆட்டம் கண்டிருந்தது. 1786ல் பிரான்சும் இங்கிலாந்தும் வணிக ஒப்பந்தம் போட்டன. இங்கிலாந்தின் வெண்ணெய் நிறத் தட்டு உள்ளே வந்தது. மெல்லிசு, லேசு, சீக்கிரம் விளிம்பு பெயராது, விலையும் கம்மி. வெள்ளீயமே வேண்டாம், மண்ணே வெளுப்பு. தொழில்காரனாகச் சொன்னால், அதுதான் நல்ல தட்டு. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அடுத்த தலைமுறைக்குள் நாடு முழுக்க ஃபயான்ஸ் பட்டறைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

மேசையிலிருந்து இறங்கிய தட்டு அடுப்படிக்கும் பண்ணை வீட்டுக்கும் போய், கோழிக்குத் தண்ணி வைக்கும் நிலைக்கு வந்த பிறகுதான் சேகரிப்பாளர்கள் வருகிறார்கள். ரூவானில் ஆந்த்ரே போத்தியே என்ற நூலகர் தட்டுகளையும் பட்டறைப் பத்திரங்களையும் சேர்த்தார். 1864ல் நகரசபை அவர் சேகரிப்பை வாங்கியது. முந்தாநாள் நாங்கள் பார்த்தவற்றின் வேர் அதுதான். 1867ல் அவர் போய்ச் சேர்ந்தார், ரூவான் ஃபயான்ஸ் பற்றி அவர் எழுதியது 1870ல்தான் அச்சானது.

புரட்சித் தட்டுகளுக்கு வேறோர் ஆள். ஷான்ஃப்ளூரி. எழுத்தாளர், ஓவியர் கூர்பேயின் நண்பர். பெரிய சேகரிப்பாளர்கள் பதினாறாம் நூற்றாண்டு அபூர்வங்களுக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொட்டியபோது, இவர் கிராமம் கிராமமாகப் போய்ச் சேவல் வரைந்த தட்டை வாங்கினார். அழகுக்காக இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் புரட்சியைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு இதுதான் சாட்சி என்றார். 1867ல் அதை ஒரு வரலாறாகவே எழுதிவிட்டார். மண் வயலின் ஒன்றுக்காக இரண்டு நண்பர்கள் பகையாகும் கதையையும் எழுதியவர் அவர்தான். நோய் எப்படிப்பட்டது என்று தெரிந்துதான் இருந்திருக்கிறார். 1872ல் எங்கே வேலைக்குப் போனார் தெரியுமா? செவ்ர் அருங்காட்சியகத்துக்கு. செவ்வாயன்று எனக்குக் கதவைச் சாத்தியதே, அங்கே.

அவர் புத்தகம் வந்ததும் புரட்சித் தட்டுக்கு விலை ஏறியது. விலை ஏறியதும் புதிதாகப் புரட்சித் தட்டுகள் பிறக்க ஆரம்பித்தன. கில்லட்டின் வரைந்த தட்டைக் கண்டால் பர்ஸை மூடிவிடு என்று ரூவான் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

பேர் எழுதிய தட்டுகளில் கத்தித் தடம்? உண்டு. ஆனால் குறைவு. இவற்றையும் சுவரில்தான் மாட்டியிருக்கிறார்கள். பேர் வெட்டிய பாத்திரத்தை நாமும் உலை வைக்கவா எடுக்கிறோம்.

நாள் 5, சனி. நெவேர் – பாரிஸ்

இன்று வீட்டம்மா நாள். லூர்து மாதாவைக் கண்ட பெர்னதெத் இந்த ஊர்க் கன்னிமாடத்தில்தான் இறந்தார். கண்ணாடிப் பேழைக்குள் உடல். முகத்தில் மெல்லிய மெழுகுப் பூச்சு. சின்ன வயதில் வில்லியனூர் லூர்து மாதா தேருக்குப் போனவள், கைகூப்பி ரொம்ப நேரம் நின்றாள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். சாயங்கால ரயிலில் இருவரும் தூங்கிவிட்டோம்.

நாள் 6, ஞாயிறு. வான்வ் சந்தை

பாரிஸின் தெற்கு ஓரத்தில் சனி ஞாயிறு காலைகளில் நடைபாதையில் கூடும் பழஞ்சாமான் சந்தை. மூர் மார்க்கெட் பார்த்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும். மகளும் வந்தாள். “அப்பா, ஒண்ணுதான். பெட்டியில எடை இல்ல” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

ஏழு கடை கொம்புத் தட்டு, தொப்பி போட்ட பிரெத்தோன் ஆள் வரைந்த கெம்ப்பேர் தட்டு. அது போன நூற்றாண்டுச் சுற்றுலாச் சரக்கு, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. எட்டாவது கடையில், ஒரு வயதான அம்மாள், தரையில் விரித்த போர்வை. கரண்டிகளுக்கு நடுவில் கவிழ்ந்து கிடந்தது.

முதுகில் நான்கு இரும்புத் தையல்.

உடைந்த தட்டைத் தைத்துக் கொடுக்கத் தெருத் தெருவாக ஆள் வருவான் அந்தக் காலத்தில். ஈயம் பூசுகிறவர் வருவதுபோல, கூவிக்கொண்டு. வில் துரப்பணத்தால் முதுகுப் பக்கம் பாதி ஆழத்துக்கு மட்டும் துளை போட்டு, கம்பியை வளைத்து இறுக்கி, ஓரத்தைச் சாந்தால் மூடுவான். முன்பக்கம் துளை வரக்கூடாது. வந்தால் கூலி கிடையாது என்று நினைக்கிறேன்! நான் திருப்பினேன். முன்பக்கத்தில் ஒரு மயிரிழைக் கோடு, அவ்வளவுதான். நடுவில் மஞ்சள் சேவல், அவசரமாக வரைந்தது, வால் விளிம்பில் இடிக்கிறது. சிவப்பு இல்லை.

சாய்த்து வெளிச்சம் பிடித்தேன். சேவலின் மேலேயும் சுற்றியும் நூற்றுக்கணக்கில் கீறல். எல்லாம் ஏறக்குறைய ஒரே சாய்வில், வலது கை ஆள் நறுக்கியதுபோல. சில கீறலில் அழுக்கேறிக் கறுத்திருக்கிறது.

முதுகில் வடு மூன்று. காலடி வளையத்தில் தேய்மானம் ஒரு பக்கமாக. விளிம்புக்குக் கீழே, கிளேஸில் முக்கும்போது பிடித்த இடத்தில், ஒரு விரல் நுனி அளவுக்கு வெற்று மண். அந்த இடத்தில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் சின்ன விரல்.

அந்த அம்மாள் 40 யூரோ என்றார். மகள் பேசி 30க்கு இறக்கினாள். உடைந்ததால் விலை குறைவு என்று அவர் வருத்தப்பட்டார். தைத்த தட்டை மட்டும் தேடிச் சேர்ப்பவர்கள் இப்போது உண்டு என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சேன் சிமோன் பிரபுவே மிச்சத்தைப் பூட்டித்தான் வைத்தார்.

செவ்ருக்குப் போக நேரமில்லை.

மெட்ரோவில் வீட்டம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். “இதுல என்னங்க வெக்கலாம்?”

“ஒண்ணும் வெக்கக் கூடாது. காரீயக் கிளேஸ். புளி, எலுமிச்சை எது பட்டாலும் காரீயம் இறங்கும்.”

“அப்ப செவுத்துல மாட்டப் போறீங்க.”

நான் பதில் சொல்லவில்லை. அவள் கீறல்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டு நிறுத்தம் கழித்து, “இந்த ஓரத்துல நறுக்கவே இல்ல பாருங்க. ரொட்டி வெச்சிருப்பாங்க” என்றாள்.

தட்டு இப்போது என் வேட்டிக்குள் இருக்கிறது, வேட்டி பெட்டிக்குள். விமானம் நாளை இரவு.